சித்தப்பா கம்பெனி வேலைக்குப் போன நாள்

எங்கள் பக்கத்தில் பெண் வீட்டுக்காரர்கள் மாப்பிள்ளையைப் பற்றி நேரில் வந்து விசாரிக்க மாட்டார்கள். அதற்கென்று ஓர் ஆளை அனுப்புவார்கள். அந்த ஆள் வாடகைக்கு வீடு பார்ப்பது போல வருவார், புடவை விலை கேட்பது போல வருவார். குழாயடியில் நின்று இரண்டு பேரிடம் பேச்சுக் கொடுப்பார். மாப்பிள்ளை குடிப்பாரா, என்ன படித்திருக்கிறார், தறியில் உட்காருகிறாரா என்று எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு போய்விடுவார். எதிர் வீட்டு அண்ணனுக்கு வந்த சம்பந்தம் அப்படித்தான் போனது. குக்கர் ரிப்பேர் செய்கிறேன் என்று வந்தவரிடம் அந்த வீட்டு அம்மாள் மனம்விட்டுப் பேசினார். குக்கருக்குப் புது கேஸ்கட் கிடைத்தது, சம்பந்தம் கைவிட்டுப் போனது.

அன்றிலிருந்து எங்கள் பெரியம்மா, தெருவுக்குள் நுழையும் புது முகம் எதையும் நம்பியதில்லை.

அப்போது எனக்குப் பதினோரு வயதிருக்கும். அப்பா மஞ்சள் காமாலையில் இறந்துபோயிருந்தார். பெரிய காஞ்சிபுரத்தில், ஒரு தறியும் ஓர் அடுப்பும் வைத்தால் நிறைந்துவிடுகிற வீட்டில், நானும் அம்மாவும் அப்பாவின் தம்பியோடு இருந்தோம். பெரியப்பாவும் பெரியம்மாவும் அடுத்த வீடு. சித்தப்பா தறிக் குழியில் காலை விட்டு உட்கார்ந்து நெய்வார். அம்மா நூல் சுற்றித் தருவாள். புடவையின் உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக இருந்தால் நெய்ய ஓர் ஆள் போதாது. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து, கரை நூலைக் கொண்டு ஓடுகிற நாடாவைத் தள்ளிவிட வேண்டும். அந்த இன்னொருவர் நான். ஐந்தாவது முடித்ததும் பள்ளிக்கூடத்தை விட்டிருந்தேன். யாரும் அடித்து நிறுத்தவில்லை. வெளியாள் வைத்தால் கூலி, நான் உட்கார்ந்தால் சோறு. அதில் எனக்குப் பெரிய துக்கமும் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒரே இடத்தில் உட்காரச் சொல்கிறார்கள் என்பதுதான் என் குறையாக இருந்தது. தறியிலும் அதையேதான் சொல்வார்கள் என்பது உட்கார்ந்த பிறகு தெரிந்தது.

சித்தப்பாவுக்கு முப்பது தாண்டிவிட்டது. குடிக்க மாட்டார், சத்தம் போட மாட்டார், பார்க்கவும் லட்சணமாக இருப்பார். ஆனால் வந்த ஜாதகமெல்லாம் ஒரே கேள்வியோடு திரும்பிப் போயின. மாப்பிள்ளை தறியிலா உட்காருகிறார்? பெண்கள் எல்லோரும் பி.காம்., பி.எஸ்ஸி. படித்திருந்தார்கள். படிக்க வைத்ததே தறிச் சத்தத்திலிருந்து தப்பிக்கத்தான் என்று அவர்களைப் பெற்ற நெசவாளர்களே சொன்னார்கள். ஒரகடம் பக்கம் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போகிற பையனென்றால், அவன் அங்கே என்ன செய்கிறான் என்றுகூடக் கேட்காமல் பெண் கொடுத்தார்கள். ஒவ்வொரு ஜாதகம் திரும்பும்போதும் சித்தப்பா அன்று மட்டும் கொஞ்சம் கூடுதலாக நெய்வார்.

ஒரு நாள் காலை, பள்ளிகள் திறந்த புதிது, பெரியம்மா மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

"தெருமுனையில ரெண்டு பொண்ணுங்க. வீடு வீடா கேட்டுக்கினு வருதுங்க. எத்தனை தறி, யாரு எதுவரைக்கும் படிச்சிருக்காங்க, வேலை என்னான்னு. சர்வேன்னு சொல்லுதுங்களாம்."

"சர்வேயாதான் இருக்கும் அண்ணி," என்றார் சித்தப்பா, நாடாவை நிறுத்தாமல்.

"சர்வே எடுக்கறவங்களுக்கு வீட்டுல கல்யாணம் ஆகாதவங்க எத்தனை பேருங்கற கேள்வி எதுக்குப்பா? எழுந்திரு. பேன்ட் போடு."

"நெய்துக்கினு இருக்கறேன்."

"நெய்துக்கினே இரு. அறுபது வயசுல நெய்துக்கினே தாலி கட்டு."

சித்தப்பா எழுந்தார். பக்கத்து வீட்டுப் பையன் கம்பெனியில் வேலை பார்ப்பவன். இரவு ஷிப்ட் முடித்து அடித்துப் போட்டது போலத் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் கம்பெனி அட்டையைப் பெரியம்மா ஆணியிலிருந்து எடுத்துவந்து, படம் உள்பக்கம் இருக்கும்படி சித்தப்பாவுக்கு மாட்டிவிட்டார். தறியின் மேல் ஒரு பெட்ஷீட்டைப் போர்த்தினார். அதன் மேல் என் பழைய புத்தகங்களை அடுக்கினார். தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூல் தொய்ந்துவிடும் என்று சித்தப்பா அவற்றை எடுத்துக் கீழே வைத்தார். பெரியம்மா மறுபடி மேலே வைத்தார். சித்தப்பா மறுபடி எடுத்தார். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

பிறகு பெரியம்மா என் பக்கம் திரும்பினார்.

"நீ என்னா படிக்கிற?"

"நிறுத்திட்டேன்."

"இல்ல. ஆறாவது. இங்கிலீஷ் மீடியம். முதல் ரேங்க்."

"மூணாவது ரேங்க் போதும் அக்கா," என்றாள் அம்மா. "அதுன்னா நம்புவாங்க."

வந்தவர்கள் இரண்டு பேர். கண்ணாடி போட்ட அக்கா சென்னையில் பெரிய படிப்பு படிப்பவர். இன்னொரு அக்கா பக்கத்துச் செவிலிமேட்டுக்காரர். டிகிரி முடித்துவிட்டு, தெருக்களைக் காட்டவும் பதில்களை எழுதிக்கொள்ளவும் கூட வந்தவர். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் ஏன் படிப்பை நிறுத்துகிறார்கள், படித்தவர்கள் என்ன வேலைக்குப் போகிறார்கள், அதனால் குடும்பங்களில் என்ன மாறுகிறது என்று ஆராய்ச்சி செய்வதாகக் கண்ணாடி அக்கா பொறுமையாக விளக்கினார். யாருடைய பெயரையும் போட மாட்டேன் என்றும் சொன்னார். இவ்வளவு சாமர்த்தியமான ஆளைப் பெண் வீட்டுக்காரர்கள் அதுவரை அனுப்பியதில்லை என்பது பெரியம்மாவின் முகத்திலேயே தெரிந்தது.

"நீங்க என்ன படிச்சிருக்கீங்க சார்?"

"பி.ஏ.," என்றார் சித்தப்பா. அதே நேரத்தில் "பி.காம்.," என்றார் பெரியம்மா. கண்ணாடி அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டும்," என்றார் பெரியம்மா.

"வேலை?"

"கம்பெனிங்க. கார் கதவு," என்றார் சித்தப்பா.

"எந்த ஷிப்ட் போறீங்க?"

"எல்லா ஷிப்டும்."

செவிலிமேட்டு அக்கா தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். அவர் தோள் இலேசாகக் குலுங்கியது. எனக்கு அவர் மேல் பரிதாபமாக இருந்தது. வெயிலில் நடந்து உடம்புக்கு முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

தறி யாருடையது என்று கேட்டார்கள். எங்களுடையதுதான், ஆள் வைத்து ஓட்டுகிறோம் என்றார் பெரியம்மா. ஆள் எங்கே என்று கேட்டதற்கு, தாமலில் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார் என்றார். அடுத்து என் முறை. ஆறாவது, இங்கிலீஷ் மீடியம், மூன்றாவது ரேங்க் என்று மூச்சு விடாமல் ஒப்பித்தேன்.

"இப்ப எந்தப் பாடம் நடக்குது பாப்பா?" என்று கேட்டார் செவிலிமேட்டு அக்கா.

"எல்லாப் பாடமும் முடிச்சிட்டாங்க அக்கா."

பள்ளி திறந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. அம்மா நூல் சுற்றுவதைப் போலக் கையை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். கையில் நூல் இல்லை.

செவிலிமேட்டு அக்கா எழுந்து தறியருகே போனார். பெட்ஷீட்டின் ஒரு மூலையைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு, யாரையும் பார்க்காமல், சாதாரணமாகச் சொன்னார்.

"நல்ல பட்டுதான். ஆனா கரை வந்து உடம்போட சேர்ற இடம் பிசகி இருக்குதே. ஆளை மாத்துங்க."

சித்தப்பாவை யார் என்ன சொன்னாலும் சிரித்துக்கொண்டு போய்விடுவார். ஜாதகத்தைத் திருப்பி அனுப்பியவர்களைக்கூட அவர் ஒரு வார்த்தை திட்டியதில்லை. ஆனால் இது வேறு. அவருடைய காது முதலில் சிவந்தது.

"எங்க பிசகி இருக்குது?"

"இதோ, இங்க."

"எங்க பிசகி இருக்குதும்மா? காட்டு."

பெரியம்மா இருமினார். சித்தப்பா கேட்கவில்லை. பெட்ஷீட்டை ஒரே இழுப்பில் உருவினார். பேன்டோடு குழியில் இறங்கினார். "இந்தா, வா," என்று என்னைப் பார்த்தார். அவர் அப்படிக் கூப்பிட்டால் என் கால் தானாக நடக்கும். போய் என் இடத்தில் உட்கார்ந்தேன். அவர் மிதித்தார், நாடா ஓடியது, இங்கிலீஷ் மீடியத்தின் மூன்றாவது ரேங்க் மறு பக்கத்து நாடாவைத் தள்ளிவிட்டது. கடகடவென்று ஒரு விரற்கடை நெய்துவிட்டோம். சித்தப்பா கரையை விரலால் நீவிக் காட்டினார்.

"இதுல ஊசி முனை நுழையுமா, சொல்லு. பிசகி இருக்குதாம்."

செவிலிமேட்டு அக்கா குனிந்து நிதானமாகப் பார்த்தார்.

"சரியாத்தான் இருக்குது. கம்பெனியில கதவெல்லாம் இப்படித்தான் சேர்ப்பீங்களா?"

சித்தப்பா தன் மடியைப் பார்த்தார். நெய்த வேகத்தில் கழுத்து அட்டை புரண்டு, பக்கத்து வீட்டுப் பையன் எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

பெரியம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொண்ணு வீட்டுல போய் சொல்லிடாதம்மா. தறியில உட்கார்றான், எட்டாவதுதான் படிச்சான், எல்லாம் வாஸ்தவம். ஆனா குடிக்க மாட்டான். அதையும் சொல்லிடும்மா."

"எந்தப் பொண்ணு வீடு?" என்று கேட்டார் கண்ணாடி அக்கா.

அது விளங்குவதற்கு வெகுநேரம் பிடித்தது. அதற்குள் அம்மா காபி போட்டுவிட்டாள். பெண்ணும் இல்லை, பெண் வீடும் இல்லை என்று தெரிந்ததும் பெரியம்மாவுக்கு நிம்மதியா ஏமாற்றமா என்று சொல்ல முடியாத ஒரு முகம் வந்தது. கண்ணாடி அக்கா கோபப்படவில்லை. முதலிலிருந்து கேட்கலாமா என்று மட்டும் கேட்டார். பொய்யாக ஒரு முறை பதில் சொல்லிப் பழகியிருந்ததால் உண்மை எங்களுக்குச் சுலபமாகவே வந்தது. வாத்தியாருக்கும் தனக்கும் ஒத்துவரவில்லை என்பதால் எட்டாவதோடு நின்றதாகச் சித்தப்பா சொன்னார். நெய்கிற வேலை பிடித்திருக்கிறதா என்ற கேள்விக்கு, அதை இதுவரை யாரும் கேட்டதில்லை என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் யோசித்து, பிடித்திருக்கிறது என்றார்.

"உங்க பிள்ளைங்களும் இந்தத் தொழிலுக்கு வரணும்னு நினைக்கிறீங்களா?"

"முதல்ல பிள்ளைங்க வரணும்மா. அதுக்கு முன்ன அதுங்க அம்மா வரணும். அப்புறம் தொழிலைப் பத்தி பேசலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். செவிலிமேட்டு அக்கா மட்டும் சிரிக்காமல் எழுதினார்.

கடைசியாக என்னிடம், மறுபடி பள்ளிக்கூடம் போகிறாயா என்று கேட்டார்கள். மத்தியானம் தினமும் முட்டை போடுகிறார்களா என்று நான் திருப்பிக் கேட்டேன். அம்மா தலையில் குட்டினாள். "இவளை அனுப்பணும்னு எனக்கும் ஆசைதான்," என்றார் சித்தப்பா. "இவ இடத்துல உட்கார ஓர் ஆள் வேணுமே." அதையும் செவிலிமேட்டு அக்கா எழுதிக்கொண்டார்.

அந்த ஆராய்ச்சி என்ன ஆனது, எங்களைப் பற்றி அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பெயர் போடாமல் விட்டுவிடுவார்களே என்று பெரியம்மாவுக்குத்தான் கடைசிவரை வருத்தம். செவிலிமேட்டு அக்கா இப்போது எனக்குச் சித்தி. ஏன் இந்த ஆளைப் போய்க் கட்டிக்கொண்டீர்கள், டிகிரி படித்துவிட்டு, என்று ஒரு முறை அவரிடம் கேட்டேன். "எங்க அப்பாவும் தறிதான், அதனால தறி எனக்கு பயமில்ல," என்றார். "பொய் சொல்ற ஆம்பளைங்கதான் பயம். இவரு பொய் சொன்னா ஒரு காபி ஆறுற நேரம்கூட தாங்காதுன்னு அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு." வந்த கையோடு என்னைப் பள்ளியில் சேர்த்துவிட்டு என் இடத்தில் அவர் உட்கார்ந்தார். ஒன்பதாவது வரை தாங்கினேன். பிறகு திருப்பூர் பனியன் கம்பெனி, பெங்களூர் ஹாஸ்டல் சமையல், புதுச்சேரியில் ஒரு மீன் கம்பெனி என்று கால் போன பக்கமெல்லாம் போய்க்கொண்டிருக்கிறேன். அதில் அவர் தப்பு எதுவும் இல்லை.

ஆனால் அதற்கெல்லாம் முன்பு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சர்வே முடிந்த அடுத்த வாரம் செவிலிமேட்டு அக்கா தனியாக வந்தார். ஒரு கேள்வி விட்டுப்போய்விட்டதாம். வீட்டில் எத்தனை தறி என்று கேட்டார். வீட்டில் இருந்ததே ஒரு தறி, அதுவும் அவர் கண் எதிரிலேயே ஓடிக்கொண்டிருந்தது. சித்தப்பா எழுந்து நின்று, யோசித்து, ஒன்று என்றார். சில நாள் கழித்து மறுபடி வந்து, என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அதைத்தான் அன்றைக்கே கேட்டீர்களே என்று நான் சொன்னபோது அம்மா என் தொடையைக் கிள்ளினாள். இவ்வளவு மறதியை வைத்துக்கொண்டு இந்த அக்கா எப்படி டிகிரி வாங்கினார் என்று எனக்கு ஆச்சரியம். பாவம், செவிலிமேட்டிலிருந்து பஸ் ஏறி வருகிறாரே என்று, அடுத்த முறை அவர் தெருமுனையில் வரும்போதே ஓடிப்போய் வழிமறித்தேன். தறி ஒன்று, சித்தப்பா எட்டாவது, அம்மா மூன்றாவது, நான் ஐந்தாவது, கல்யாணம் ஆகாதவர் ஒருவர் என்று எல்லாப் பதிலையும் வரிசையாகச் சொல்லி, நீங்கள் இப்படியே பஸ்ஸுக்குத் திரும்பிவிடலாம் என்றேன்.

அந்த அக்கா குனிந்து என் கலைந்த முடியை ஒதுக்கிவிட்டார்.

"நீ சொன்னா செல்லாது பாப்பா. இன்னிக்கு கேள்வி வீட்டுத் தலைவருக்கு."

எங்கள் குடும்பத்துக்கு யார் தலைவர் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அவரை எங்கள் வாசலில் நிற்க வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடி, மாவு பிசைந்துகொண்டிருந்த பெரியம்மாவைக் கையோடு இழுத்து வந்தேன். பெரியம்மா வாசலில் நின்ற அக்காவைப் பார்த்தார். உள்ளே, சத்தமில்லாமல் நின்றுபோயிருந்த தறியைப் பார்த்தார். புது முகம் யாரைக் கண்டாலும் நூறு கேள்வி கேட்கிற பெரியம்மா அன்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மாவுக் கையால் என் தோளைப் பற்றித் திருப்பி, என்னையும் இழுத்துக்கொண்டு தன் வீட்டுக்கே போய்விட்டார். தலைவரே இப்படி வேலையை விட்டுவிட்டுப் போனால் சர்வே எப்படி முடியும் என்று எனக்கு அன்று முழுக்கக் கவலையாக இருந்தது.