முகாமுக்குக் கண்ணடித்த தாம்பாளங்கள்

பூமணி அக்கா போய்ச் சேர்ந்த செய்தி வந்தபோது நான் கேத்தலின் கரியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். குச்சவெளியிலிருந்து அவருடைய மகள் செல்வி போனில் அழுதாள். அழுகை கொஞ்சம் அடங்கியதும், "மாமா, இன்னொரு விசயம். தன்ர பிரேதத்தை எடுத்த பிறகு கடையில விக்கிற போத்தல் மருந்து ஊத்தி வீடு கழுவினால் திரும்பி வந்து நிப்பன் எண்டு அம்மா சொல்லிப்போட்டுப் போனவ. நீங்கள்தான் வந்து கழுவ வேணும்" என்றாள். கையிலிருந்த சாம்பலோடு பஸ் ஏறினேன்.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல, செல்விதான் இதை எழுதுகிறாள். துறைமுகத்தைப் பார்த்த மேட்டில் இருந்த எங்கள் மடத்தில் சாப்பிட்ட உங்கள் எல்லோருக்கும் அக்காவைத் தெரியும். அவர் துலக்கிய தாம்பாளத்தில் முகம் பார்த்துத் தலை வாரியவர்கள் நீங்கள்.

அது சண்டைக் காலம். சவர்க்காரம் வந்தால் பினாயில் வராது, பினாயில் வந்தால் சவர்க்காரம் வராது. மடத்து மனேஜர் தலையில் கைவைத்தார். அக்கா அசையவில்லை. பாத்திரத்துக்குப் பழப்புளியும் அடுப்புச் சாம்பலும். கண்ணாடிக்கு வினாகிரியும் பழைய பேப்பரும். நிலத்துக்கு, தேசிக்காய்த் தோலை வினாகிரியில் வாரக்கணக்கில் ஊறவைத்து வடித்த தண்ணீர். கூடவே நின்று தேய்த்த கை என்னுடையது.

அந்தத் தேசிக்காய்த் தண்ணீர் பார்வைக்குச் சர்பத் மாதிரி இருக்கும். ஒரு வெயில் நாளில் மனேஜர் குசினிக்குள் வந்து, ஒருவரையும் கேளாமல் ஒரு குவளை ஊற்றி ஒரே மடக்காகக் குடித்துவிட்டார். கண் இரண்டும் வெளியே வந்தன.

"என்ன பிள்ளை இது?"

"கக்கூஸ் கழுவுற தண்ணி ஐயா" என்றார் அக்கா.

அவர் இருமி முடியும் வரை அக்கா பொறுத்திருந்தார். பிறகு, "பயப்பிடாதேங்கோ, உள்ளுக்கை ஒரு கிருமியும் மிஞ்சாது" என்று ஆறுதல் சொன்னார். மனேஜர் இரண்டு நாள் மோரோடு கிடந்தார்.

ஆனால் நான் சொல்ல வந்தது தாம்பாளக் கதை. அன்னதானத்துக்கு முதல் நாள் இருபது பித்தளைத் தாம்பாளங்களைத் துலக்கினோம். மதிலில் காயவைத்தால் காகம் எச்சம் போடும் என்று, அக்கா அவற்றின் வளையங்களில் கயிறு கோத்து உடுப்புக் கொடியில் தொங்கவிட்டார். கடற்காற்றில் தாம்பாளங்கள் ஆடின. பத்து மணி வெயில் அவற்றில் பட்டுத் தெறித்து, தண்ணீருக்கு அக்கரையில் இருந்த இராணுவ முகாம் வரை பளிச், பளிச் என்று போனது. அரை மணித்தியாலத்தில் வாசலில் ஜீப் நின்றது.

"ஆர் சிக்னல் குடுத்தது?" என்று கேட்டார், கொஞ்சம் தமிழ் தெரிந்த அதிகாரி.

"சிக்னலோ? தாம்பாளம் காயுது ஐயா" என்றார் அக்கா.

அவர் நம்பவில்லை. தாம்பாளங்களோடு எங்கள் இருவரையும் ஏற்றினார்கள். அந்த நாளில் ஜீப்பில் ஏறிய எல்லோரும் திரும்பி வந்ததில்லை. நான் ஒரு தாம்பாளத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அக்காவோ, "ஒண்டோட ஒண்டு உரசாமல் பிடியுங்கோ, கீறல் விழும்" என்று துவக்கோடு இருந்த சிப்பாயை அதட்டிக்கொண்டு வந்தார்.

முகாமில் வாக்குமூலம் எழுதி, என்னைப் பெருவிரல் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். கறுப்புப் பொட்டு விழுந்தது, ரேகை விழவில்லை. இன்னொரு முறை வைத்தேன். அப்போதும் இல்லை. அதிகாரியின் முகம் மாறியது.

"விரலைச் சுட்டு அழிச்சதோ? உண்மைப் பேர் என்ன?" என்று மேசையில் அடித்தார். என் பெயர் எனக்கே வாயில் வரவில்லை.

"இவன் கந்தையா" என்றார் அக்கா. "பொய்ப் பேர் யோசிக்கிற அளவுக்கு இவனுக்கு மூளை இல்லை ஐயா."

சொல்லிவிட்டுத் தன் பத்து விரல்களையும் மேசையில் விரித்தார். அவையும் வழுவழுவென்று இருந்தன. "இது சாம்பல் திண்ட விரல். நம்பாட்டி உங்கட குசினியில இருந்து பழப்புளியும் சாம்பலும் கொஞ்சம் தேங்காய்த் தும்பும் எடுப்பியுங்கோ."

மேசையில், சுட்டு முடித்த ஷெல்லின் பச்சை பிடித்த பித்தளைக் கோது ஒன்று பூச்சாடியாக நின்றது. புளியும் சாம்பலும் வந்ததும் அக்கா பூக்களை எடுத்து அதிகாரியின் கையில் கொடுத்துவிட்டுக் கோதைத் தேய்க்கத் தொடங்கினார். சரியாகப் பாதி. ஒரு பக்கம் பொன்னாகியது, மறு பக்கம் பாசி பிடித்த கிணறாகவே இருந்தது. அந்த இடத்தில் நிறுத்திக் கையைச் சேலையில் துடைத்தார்.

"மிச்சம்?" என்றார் அதிகாரி.

"மடத்தில உலை வைக்க வேணும் ஐயா. எங்களை விட்டால் நாளைக்கு வந்து முடிச்சுத் தாறன்."

கையில் பூவோடு நின்ற மனிதர் கோதைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கடைசியில் சிரித்துவிட்டார். "தாம்பாளம் வீட்டுக்குள்ள காய வை" என்று சொல்லி எங்களை அனுப்பினார்.

மறுநாள் காலை அக்கா புளி உருண்டையோடு புறப்பட்டார்.

"விசரோ உங்களுக்கு? தப்பி வந்த இடத்துக்கு ஆரும் திரும்பிப் போவினமோ?" என்று கேட்டேன்.

"பாதி துலக்கின சாமானை விட்டுட்டு வந்தால் எனக்குச் சோறு இறங்காது" என்றார்.

போய் முடித்துவிட்டு மத்தியானச் சமையலுக்கு வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு முகாம் மணி, விளக்கு, கதவுப் பூட்டு என்று ஏதாவது ஒன்றோடு ஜீப் அடிக்கடி மடத்துக்கு வந்தது. ஒவ்வொரு தடவையும் நான் விறகுக் கொட்டிலுக்குள் ஒளிந்தேன். "வெளியால வா கந்தையா, இண்டைக்கு உன்னைத் துலக்க வரேல்லை" என்று அக்கா கத்துவார்.

குச்சவெளியில் அவரை எடுத்த பிறகு, அவர் ஊறவைத்திருந்த தேசிக்காய்த் தண்ணீரால் வீட்டைக் கழுவினேன். வினாகிரி நாற்றத்துக்குச் சனம் மூக்கைப் பொத்திக்கொண்டு முற்றத்தில் நின்றது. நிலம் காய்ந்ததும் ஒவ்வொருவராக உள்ளே வந்து பாயில் இருந்தார்கள். வீடு அக்காவைப் போல மணத்தது.

பிறகு சாவைப் பதியக் கந்தோருக்குப் போனோம். சாட்சிக்கு என் பெருவிரல் கேட்டார்கள். மூன்று முறை வைத்தும் ரேகை விழவில்லை. அங்கே வேலை செய்த பிள்ளை, "ஐயா, கையை நல்லாக் கழுவிப்போட்டு வந்து வையுங்கோ" என்றாள்.

"கழுவிக் கழுவித்தான் பிள்ளை இப்பிடி வந்தது" என்றேன்.

செல்வி அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். அந்தத் தாளில் பூமணி அக்காவின் பெயருக்குக் கீழே ஒரு கோடும் இல்லாத கறுப்புப் பொட்டு இருக்கிறது. மடமும் தாம்பாளங்களும் இப்போது இல்லை. அவரிடமிருந்து நான் வைத்திருப்பது இந்த விரல்தான்.