அம்பாசிடருக்குப் புது பிரேக்

எங்கள் அம்பாசிடரை நிறுத்துவதற்கு ஆம்பளைக் கால் வேண்டும் என்று என் வீட்டுக்காரர் பெருமையடித்துக்கொள்வார். அவர் சொன்னதில் பாதி உண்மை. நான்கு சக்கரத்திலும் அந்தக் காலத்து டிரம் பிரேக். மிதித்தால் கொஞ்சம் யோசித்துவிட்டு, போனால் போகிறது என்று நிற்கும். பெரம்பலூரில் உரக்கடை வைத்திருந்த காலம் முழுக்க அவர் அந்த வண்டியில்தான் சுற்றினார். திருமானூர், விக்கிரமங்கலம் என்று உர மூட்டையோடு போவார், யாராவது கொடுத்த சின்ன வெங்காயத்தோடு திரும்புவார். ஒருநாளும் எதிலும் இடித்ததில்லை. அதையும் வாரம் தவறாமல் சொல்லிக்காட்டுவார்.

முந்தின வருடம் அவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. வலது பக்கம். பேச்சு சீக்கிரமே திரும்பிவிட்டது, கையும் திரும்பியது, கால் மட்டும் அரைமனதோடு திரும்பியது. கடையை மூடினோம். எனக்கு வேலை அரியலூரில், ஒரு அரசு ஆபீசில். அவருக்கு பிசியோதெரபியும் அங்கேயே, என் ஆபீசுக்குப் பக்கத்துத் தெருவில். தினமும் பஸ்ஸில் அவரை ஏற்றி இறக்குவதற்குள் கண்டக்டர் முகம் போகிற போக்கைப் பார்க்கச் சகிக்காமல் நானே காரை எடுத்தேன். என்றைக்கோ வாங்கிய லைசென்ஸ் பீரோவில் சும்மாதான் கிடந்தது.

வேறு கார் வாங்கலாமே என்று கேட்காத ஆள் இல்லை. நானும் கேட்டேன், ஒரே ஒரு தடவை. அன்று ராத்திரி அவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார். அதோடு விட்டுவிட்டேன்.

அரியலூர் போகிற வழியில், பேரளி தாண்டி ஒருநாள் முன்னால் போன சுண்ணாம்புக்கல் லாரி திடீரென்று நின்றது. நான் பிரேக்கை மிதித்தேன். வண்டி போய்க்கொண்டே இருந்தது. இன்னொரு காலையும் தூக்கி அதன்மேல் வைத்து, சீட்டிலிருந்து எழுந்து நிற்காத குறையாக அழுத்தினேன். லாரியின் பின்பலகை கண்ணாடி முழுக்க வந்த பிறகு நின்றது. அவர் நிதானமாகச் சொன்னார், “கொஞ்சம் முன்னாடியே மிதிச்சிருக்கணும்.”

ஆபீஸ் வாசல் வரை கோபத்தை அடக்கிக்கொண்டு ஓட்டினேன். வண்டியை நிறுத்தியதும் சொன்னேன். “ஒண்ணு பிரேக்க மாத்தணும், இல்ல நாளையிலருந்து நீங்க பஸ்ல வரணும். எது வேணும்னு சொல்லுங்க.” அவர் கதவைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார். இறங்கி முடித்து, “மாத்திக்க” என்றார்.

மாற்றுவது என்றால் எதை மாற்றுவது? அங்கேதான் குழப்பம் ஆரம்பித்தது. ஆபீசில் ஒருவர், லைனிங் மட்டும் புதுசாகப் போட்டால் போதும் என்றார். அந்த ஆபீஸ்காரரின் மச்சானிடம் போனில் கேட்டால், லைனிங் போட்டுப் புண்ணியமில்லை, மிதிக்கிற பலத்தைக் கூட்டித் தருகிற பூஸ்டர் வைக்க வேண்டும் என்றார். பூஸ்டர் மட்டும் வைத்தால் டிரம் சூடாகிப் பிடிப்பே விட்டுவிடும், முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் வேண்டும் என்று வீடியோவில் ஒரு பையன் கை ஆட்டி ஆட்டிப் பேசினான். டிஸ்க் போட்டால் முதலில் முன்சக்கரம் பூட்டிக்கொள்ளுமா, பின்சக்கரம் பூட்டிக்கொள்ளுமா என்று அதன் கீழே நூறு பேர் சண்டை போட்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் சொல்லும்போது சரியாகத்தான் இருந்தது. அடுத்தவர் வாயைத் திறந்ததும் எல்லாம் கலைந்துவிடும். என் வீட்டுக்காரரைக் கேட்டால், “இத்தன வருசம் எனக்கு நின்னுச்சுல்ல” என்பார். அதற்கு மேல் அவரிடம் ஒன்றும் பெயராது.

கடைசியில் பெரம்பலூர் நாலு ரோட்டுப் பக்கம் பட்டறை வைத்திருந்த மெக்கானிக்கிடம் போனோம். நாற்பது வயதுக்காரர், சிரித்த முகம். அதே வண்டியில் பின்னால் வந்த மாடலின் டிஸ்க்கை முன்சக்கரங்களுக்குப் போட்டு, பூஸ்டர் வைத்து, மாஸ்டர் சிலிண்டரையும் மாற்றிவிடலாம் என்றார். மாஸ்டர் சிலிண்டர் என்பது நாம் மிதிக்கிற மிதியை வாங்கி நாலு சக்கரத்துக்கும் எண்ணெயாக அனுப்புகிற பாகம். “அக்கா, நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க, சுண்டு விரல்ல நிக்கும்” என்றார். யோசிக்காதே என்று ஒருவர் சொன்னதே எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

வண்டி வந்தது. உண்மையாகவே சுண்டு விரல்தான். இன்ஜினைப் போட்டுக் காலை வைத்தால் பிரேக் மிதி தானாக இறங்கியது. எங்கள் தெருமுனை வரை போய் நிறுத்திப் பார்த்து, எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வாசலில் திரும்பி வந்து நின்றதும், என் வீட்டுக்காரர் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தார். “இறங்கு, பாக்கறேன்” என்றார்.

உட்கார்ந்து வலது காலை மிதியில் வைத்தார். அழுத்தினார். அது இறங்கியது. இன்னொரு முறை அழுத்தினார். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு அந்த முகத்தில் நான் பார்க்காத ஒன்று அன்று வந்தது. “திங்கக்கெழமையிலருந்து நானே ஓட்டுறேன்” என்றார்.

என் காலுக்கு லேசாக இருக்கட்டும் என்று செய்த வேலை, அவர் காலுக்கும் லேசாகிவிட்டது. அது ஏன் எனக்கு முன்பே தோன்றவில்லை? சந்தோஷப்பட வேண்டியதா, பயப்பட வேண்டியதா? எதிரே லாரி வரிசையாக வருகிற அந்த ரோட்டில் இவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார வேண்டும். வேண்டாம் என்று சொன்னால், மனிதர் மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். பிசியோதெரபி செய்கிற பெண்ணைத் தனியாகக் கேட்டேன். “சாருக்கு நல்ல இம்ப்ரூவ்மெண்ட் மேடம், பாக்கலாம் மேடம்” என்றாள். பார்க்கலாம் என்றால் ஓட்டலாமா, கூடாதா? அவளும் சொல்லவில்லை, நானும் திருப்பிக் கேட்கவில்லை. பாழாய்ப்போன பூஸ்டரை ஏன் வைத்தோம் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

அந்த வாரம் ஏதேதோ சாக்குச் சொல்லி நானே ஓட்டினேன். வெள்ளிக்கிழமை பார்த்தால் மிதி பஞ்சு மாதிரி அமுங்கியது. எங்கோ ஒரு குழாய் மூட்டில் லேசாகக் கசிவு, காற்று புகுந்துவிட்டது என்றார் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து கசிந்த இணைப்பை இறுக்கினார். இனி காற்றை எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தடியில் சின்னத் திருகைத் திறந்து காற்றையும் எண்ணெயையும் வெளியே விட்டு மூடுவார். மூடியதும் உள்ளே இருப்பவர் காலை எடுக்க வேண்டும், அப்போதுதான் அடுத்த அழுத்துக்கு எண்ணெய் வரும். நான் சொல்வதற்குள் என் வீட்டுக்காரர் போய் உட்கார்ந்துவிட்டார்.

“அழுத்துங்கண்ணே… புடிங்க… விடுங்க.” ஒரு பின்சக்கரம் முடிந்தது. நான் உள்ளே போய் டீ போட்டேன். வெளியே வரும்போது அடுத்த சக்கரத்தில் மெக்கானிக் முனகிக்கொண்டிருந்தார். எண்ணெய் வரவில்லை. திருகின் துளையில் கம்பி விட்டுக் குத்திப் பார்த்தார். முன்னால் ஓடி வந்து எண்ணெய்ப் புட்டியைப் பார்த்தார், நிறைய இருந்தது. மறுபடியும் போய்ப் படுத்தார்.

“அழுத்துங்கண்ணே.”

“அழுத்தியாச்சுப்பா.”

“விடுங்க.”

“விட்டுட்டேம்ப்பா.”

“ஒண்ணும் வரலயேண்ணே! புது மாஸ்டர் சிலிண்டரு, அதுக்குள்ள ரப்பர் போயிருச்சா? ஒண்ணும் புரியல. அதக் கழட்டிப் பாத்துருவோம்.”

நான் டம்ளரோடு டிரைவர் கதவருகே நின்றிருந்தேன். குனிந்து உள்ளே பார்த்தேன். அவருடைய வலது பாதம் மிதியின்மேல்தான் இருந்தது. மிதி தரையோடு அமுங்கிக் கிடந்தது. அவர் இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்து, நேரே கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் பொய் இல்லை. காலை எடுத்துவிட்டதாகவே நினைத்திருந்தார்.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று நினைத்தேன். மெக்கானிக் சிலிண்டரைக் கழற்றட்டும், பழி அந்த ரப்பர் மேல் போகட்டும், இன்னும் ஒரு வாரம் ஓடட்டும். மெக்கானிக் ஏற்கெனவே ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருந்தார்.

“ஏங்க, கால எடுங்க” என்றேன் மெதுவாக.

“எடுத்துட்டேனே.”

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, உள்ளே கையை விட்டு, கணுக்காலைப் பிடித்து அந்தக் காலைத் தூக்கினேன். மிதி மேலே ஏறி வந்தது. அவர் குனிந்து என் கையைப் பார்த்தார், என் கையில் இருந்த தன் காலைப் பார்த்தார்.

“இது எப்பலருந்து அங்க இருந்துச்சு?” என்று என்னிடம் கேட்டார். குரல் வெளியே கேட்காதபடி கேட்டார்.

“தெரியலைங்க.”

“இன்னொரு வாட்டி அழுத்துங்கண்ணே!” என்றது பின்னாலிருந்து குரல். அவர் என்னைப் பார்த்தார். நான் காலை மிதியில் வைத்தேன். அவர் அழுத்தினார். “அட, வந்துருச்சுண்ணே! அப்புடித்தான்! விடுங்க!” நான் தூக்கினேன். மீதிச் சக்கரங்களையும் அப்படியே முடித்தோம். அவர் அழுத்துவார், நான் எடுப்பேன்.

கையைத் துடைத்துக்கொண்டு எழுந்த மெக்கானிக், ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்தார். “அண்ணன் அழுத்துற அழுத்துக்கு இனிமே அண்ணனே அரியலூர் போயிட்டு வரலாங்கா” என்றார். என் வீட்டுக்காரர் அவரைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

திங்கட்கிழமை காலையில் நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு வருவதற்குள் அவர் இடதுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்திருந்தார். சாவியைக் கேட்கவில்லை. ஊரைத் தாண்டியதும் ஒரு ஆட்டு மந்தை ரோட்டின் குறுக்கே வந்தது. லேசாக மிதித்தேன், வண்டி சத்தமில்லாமல் நின்றது. ஆடுகள் ஒவ்வொன்றாகக் கடந்துகொண்டிருந்தன. அவர் அவற்றைப் பார்க்கவில்லை. தலை குனிந்து, தன் வலது காலைப் பார்த்தபடி, “நல்லா நிக்குது” என்றார்.