எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் வந்த ஊசி

1984 மார்ச் மாதத்து மருந்துச் சீட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. "வியாழன் ஊசி. தவறக் கூடாது" என்று டாக்டரம்மா தமிழிலேயே எழுதி, அடியில் கோடு போட்டிருக்கிறார். நம் விளக்குப் பூஜைக்கு வரும் சகோதரிகள் கேட்டதால் அந்த வியாழனைப் பற்றி எழுதுகிறேன்.

அப்போது கல்யாணமாகி ஒன்பது வருஷம். கோச்சடையில் குடியிருந்தோம். முதலில் மாத்திரை, பலனில்லை. பிறகு கே.கே. நகர் கிளினிக்கில், கருமுட்டை வளர ஹார்மோன் ஊசி. தினமும் பஸ் ஏற வேண்டும். வயிறு உப்பும். காரணமில்லாமல் அழுகை வரும். இரண்டு சுற்று வீண். மூன்றாவதில் கரு தங்கிக் கலைந்தது. நான்காவதுதான் கடைசி, இதற்கு மேல் உடம்பு தாங்காது என்று டாக்டரம்மா சொன்னார். எனக்கு வருத்தம்கூட வரவில்லை. அவ்வளவு அலுத்திருந்தேன்.

முட்டை வளர்ந்து வெளிவந்தாயிற்று. இனி கரு ஒட்டித் தங்குவதற்கான ஊசி, அதுதான் வியாழன். செவ்வாயன்று, செக்கானூரணிக்கு மேற்கே கணவரின் ஊரில் அம்மனுக்குக் காப்புக் கட்டு. கும்பிட்டுவிட்டு அன்றே திரும்பத்தான் போனேன். பூசாரி மஞ்சள் கயிற்றோடு முன்னால் நின்றபோது மாமியார் முதுகில் தட்டினார்.

"கைய நீட்டுத்தா. பிள்ளை வேணாமா?"

நீட்டிவிட்டேன். கயிறு ஏறிய பிறகுதான் உறைத்தது. காப்புக் கட்டியவர் திருவிழா முடியும்வரை எல்லைக் கல்லைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஊருக்கு வரும் கெடுதல் எல்லாம் என் தலையில் விடியும். தாண்டாவிட்டால் இந்தக் கருவும் தங்காது. கணவரோ ராமநாதபுரத்தில் ஆபீஸ் கேம்ப்பில் இருந்தார்.

புதன் சாயங்காலம், பெண்கள் கும்மியடித்துக்கொண்டிருந்தபோது அம்மன் முன்னால் உட்கார்ந்து வாய்விட்டே சொன்னேன். "ஆத்தா, நாளைக்கு கே.கே. நகர் ஆஸ்பத்திரியில ஊசி. என்னால போக முடியல. யோசிக்கவும் தெம்பில்ல. நீயே பாத்துக்க."

வியாழன் காலை அந்தக் கிளினிக் நர்ஸம்மா, ஐஸ் போட்ட பிளாஸ்க்கோடு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார்.

காப்புக் கட்டிய உடம்பில் ஊசி குத்தினால் தீட்டாகாதா என்று மாமியார் பூசாரியிடம் ஓடினார். அவர் நிதானமாகச் சொன்னார்: "காப்புக் கட்டுனதும் பிள்ளைக்கு, ஊசியும் பிள்ளைக்கு. இதுல என்னக்கா தீட்டு? போடச் சொல்லுங்க."

நர்ஸம்மா மருந்தை ஏற்றிக்கொண்டே, "எனக்கும் கயித்தக் கட்டிறாதீங்கம்மா. எங்க வீட்டுக்காரரு சோத்துக்குத் தேடுவாரு" என்றார். பல மாதங்களில் அன்றுதான் சிரித்தேன்.

அந்த டிசம்பரில் மகள் பிறந்தாள். இப்போது யாராவது தனியாக அந்தக் கிளினிக்குக்குப் போக அஞ்சினால் கூடப் போகிறேன். அலுத்துப்போன சகோதரிகளே, டாக்டர் சொன்ன நாளை விடாதீர்கள். வேண்ட வார்த்தை கூடிவராவிட்டால் 'முடியல' என்றாவது தாயிடம் சொல்லுங்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஒன்று மட்டும் பாக்கி. புதன் இரவு கடைசி நடை முடித்த பஸ் கண்டக்டர்தான் கிளினிக்கில் தகவல் சொன்னதாக நர்ஸம்மா சொன்னார். அவரையும் தேடிப்பிடித்துக் கேட்டேன்.

"கல்லத் தாண்டாம ஊர்ப் பக்கமே நின்னு ஒரு பொம்பள கையக் காட்டி, கே.கே. நகர் ஆஸ்பத்திரியில சொல்லச் சொல்லுச்சுக்கா. கையில காப்பு இருந்துச்சு. இருட்டுல மூஞ்சி தெரியல."

அந்த வருஷம் காப்புக் கட்டிய பெண்கள் எல்லாரையும் விசாரித்தேன். எல்லாரும் "நான் இல்லை" என்கிறார்கள். அம்மனே வந்தாள் என்று மாமியார் சத்தியம் செய்கிறார். மறுக்கவோ உறுதி சொல்லவோ என்னிடம் ஆதாரம் இல்லை. நின்றவர் யார் என்பது இன்றுவரை தெரியவில்லை.