ஒன்பதுக்கும் சைபருக்கும் நடுவில்

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு சாவுச் செய்தி. சித்தி அழுகிற முகம் போடுவதாக நினைத்து, கண்ணில் நீர்வரச் சிரிக்கிற முகத்தைப் போட்டுவிட்டாள். எல்லோரும் அவளைக் கேலி செய்தார்கள். என்னால் முடியவில்லை.

தொண்ணூறுகளின் பின்பாதியில் தி.நகரில் ஒரு பேஜர் கம்பெனியில் ஆபரேட்டராக இருந்தேன். இன்றைய பிள்ளைகளுக்குப் பேஜர் என்றால் விளக்க வேண்டும். செய்தியை எங்களிடம் போனில் சொன்னால், நாங்கள் ஆங்கிலத்தில் அடித்து, இடுப்பில் மாட்டிய அந்தச் சின்னப் பெட்டிக்கு அனுப்புவோம். ஓய்ந்த நேரத்தில் நான் கோடும் புள்ளியுமாக ரோஜா, பூனை எல்லாம் அடித்துப் பார்ப்பேன். பூனை பெரும்பாலும் பெருச்சாளி மாதிரி வரும். மயிலாப்பூரில் அம்மாவுக்கு அதில் ஏக வருத்தம். "ஆத்துல ஒரு கோலம் போட உடம்பு வணங்கல, ஆபீஸ்ல படம் போட்டுண்டிருக்காளாம்!"

அந்தப் படம் ஒருத்திக்குத் தேவைப்பட்டது. தேவகி. சைதாப்பேட்டை ஆற்றோரக் குடிசை. கணவர் மாரி, லிஃப்ட் மெக்கானிக்.

"அவருக்கு இங்கிலீசு படிக்க வராதுக்கா. நம்பர் போட்டா எந்த வூட்டு லிஃப்ட்டோன்னு ஓடிடுவாரு. படம் எதுனா அனுப்பேன். மாமனாரு படுத்த படுக்கையா கீறாரு."

:) வந்தால் வீட்டில் எல்லாம் நலம். :( வந்தால் உடனே ஓடி வரவேண்டும். கழுத்தைச் சாய்த்துப் பார்க்க மாரிக்கு அவளே சொல்லிக்கொடுத்தாள். மாதக்கணக்கில் தினமும் சிரித்த முகம்தான் அனுப்பினேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம், போன்கள் ஓயாத மத்தியானம். "அக்கா, அழுவுற மூஞ்சி! சீக்கிரம் போடுக்கா!" போட்டேன், அடுத்த போனை எடுத்தேன்.

மறுநாள் மாரி பேசினார். "நேத்து சிரிச்ச மூஞ்சிதானேம்மா வந்துச்சு? நைனா பூட்டாரு. கடைசி வரிக்கும் என் பேரச் சொல்லிக்கினே இருந்தாராம்."

முந்தின நாள் செய்தியைத் திரையில் தேடினேன். ஒன்பதாம் எண் விசையில் அழுகைக்கான வளைவு, பக்கத்துச் சைபரில் சிரிப்புக்கான வளைவு. விரல் ஒரு விசை தள்ளி விழுந்திருந்தது. பின்னால் சூப்பர்வைசர் நின்றிருந்தார்.

"கஸ்டமர் சொன்னதத்தான் சார் அடிச்சோம்" என்றேன் மாரியிடம்.

மாரி கேட்டார், "அப்போ தேவகிதான் மாத்திச் சொல்லிட்டாளா?"

"இருக்கலாம் சார்."

அந்த வேலை போயிருந்தால் வேறு வேலை கிடைத்திருக்கும். அன்று அது தோன்றவில்லை.

தேவகி அதன்பின் கூப்பிடவே இல்லை. இரண்டு மாதம் தூக்கம் கெட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சைதாப்பேட்டைக்குப் போனேன். கரையில் பாதிக் குடிசைகள் பிரிக்கப்பட்டுக் கிடந்தன. கூரைத் தகரங்களை அடுக்கிக்கொண்டிருந்த பெண்ணிடம் விசாரித்தேன்.

"மாரியா? லாரில ஏத்தி ஊருக்கு வெளிய எங்கியோ இட்டுக்கினு பூட்டாங்க."

"தேவகி?"

"அவ அதுக்கு முன்னாடியே அம்மா வூட்டுக்குப் பூட்டா. நைனா சாவுல இன்னாவோ சண்டை. அவ மேலதான் தப்புன்னு அடிச்சிட்டான்."

அம்மா வீடு எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை.

எங்கள் ஆபீஸ் இருந்த மாடியில் இப்போது புடவைக் கடை. பேஜர்களை நிறுத்தியபோது, செய்திகள் பதிவான அந்தக் கம்ப்யூட்டர்களையும் எங்கோ தள்ளிவிட்டார்கள். ஆற்றோரம் கம்பிவேலி போட்டு மூடியாகிவிட்டது. தேவகி சரியாகத்தான் சொன்னாள் என்பது இன்று என் ஒருத்திக்குத்தான் தெரியும்.