கன்னியாவுக்குப் போன பஸ்

பயணத்துக்கு முதல் நாள் மச்சாள், அதாவது என் கணவரின் தமையன் மனைவி, எனக்கு ஒரு டசின் கண்ணாடிக் காப்பு வாங்கி வந்தா. கைநீட்டி ஒரு மாங்காய் தந்து பழக்கமில்லாதவ. "சும்மாதான். நாளைக்குப் போட்டுக்கொண்டு வாரும், வடிவாயிருக்கும்" என்றா. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

எழுபத்தெட்டாம் ஆண்டு பங்குனி மாதம் அது. முந்திய ஆவணியில் தமிழரை அடித்த கலவரத்தில், தெற்கே கடை வைத்திருந்த என் கணவர் காணாமற் போயிருந்தார். கடை எரிந்தது தெரியும். அவரைப் பற்றிக் கடிதமும் இல்லை, கண்டேன் என்று சொல்ல ஆளும் இல்லை. நான் பொட்டு வைத்துக்கொண்டுதான் இருந்தேன். அதற்கு எங்கள் ஊர் வேலணையில் யார் யார் வாய் கோணினார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கோணட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவரின் தமையனை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். அத்தான்தான் அயலவர்களைச் சேர்த்து பஸ் பிடித்தார். திருகோணமலைப் பக்கம் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு, பார்க்கத்தான் வேண்டும் என்றார். "வீட்டுக்குள்ளயே கிடவாமல் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாரும்." நிலத்துக்குள்ளிருந்து கொதிதண்ணீர் வரும் என்று கேட்ட நேரம் முதல் என் எட்டு வயது மகனுக்கு நித்திரை இல்லை. போனோம்.

விடியுமுன் பஸ் பண்ணைப் பாலத்தைத் தாண்டியது. எனக்கு யன்னலோரம் தந்தார்கள். மச்சாள் தன் தலையில் வைக்காமல் மல்லிகைச் சரம் முழுவதையும் என் கொண்டையில் சுற்றினா. பின்சீட்டு அக்கா என் கன்னத்தைத் தடவி, "இந்தப் பொட்டு உமக்கு எவ்வளவு வடிவு" என்று சொல்லிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டா. கண் கலங்கியிருந்தது. நான் அதை அன்பு என்றே எடுத்துக்கொண்டேன். அன்புக்கு நான் அவ்வளவு காய்ந்து போயிருந்தேன்.

வவுனியா தாண்டிக் காட்டு வீதியில் திரும்பியதும் பாட்டு நின்றது. சிங்கள ஊர்கள் வரும், பலத்துக் கதையாதேங்கோ என்றார் ஒருவர். யன்னல்களைச் சாத்தினோம். பஸ்ஸுக்குள் மல்லிகை மணம் கனத்து எனக்குத் தலை சுற்றியது.

கன்னியாவில் சனம் வாளியோடு கிணறுகளுக்கு ஓடியது. சூடு பட்டுச் சிரித்தார்கள். மகனுக்குத் துவாய் எடுக்க மச்சாளின் பையைத் திறந்தேன். மேலே தர்ப்பையும் எள்ளுப் பொட்டலமும். அடியில் மடிப்புக் குலையாத வெள்ளைச் சேலை ஒன்று. அந்த நேரம் மகன் ஓடி வந்தான். "அம்மா, பெரியப்பா என்னை வேட்டி கட்டட்டாம். ஐயர் ஒருத்தர் இருக்கிறார்."

எல்லாம் விளங்கியது. கன்னியாவிலும் செத்தவருக்குக் கிரியை செய்வார்கள். எங்கள் ஊரார் அதற்குப் போவது கீரிமலைக்கு. கீரிமலை என்றால் நான் பஸ் ஏறியிருக்கமாட்டேன். காப்பும் பூவும், தாலி கழற்றுமுன் ஒருத்திக்குச் செய்யும் கடைசி அலங்காரம். பஸ் முழுவதற்கும் தெரிந்திருக்கிறது.

அத்தான் வந்து நின்றார். கெட்ட மனிதர் அல்ல. அழுதுகொண்டுதான் நின்றார். "ஏழு மாசமாச்சு, பிள்ளை. என்ரை தம்பி தண்ணி இல்லாமல் அலையிறான். கடை எரிஞ்சு கிடந்ததை நான் கண்ணால பாத்தனான்."

"கடையைத்தானே பாத்தனீங்கள் அத்தான். அவரைப் பாத்தனீங்களோ?"

அவர் கிணற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்ரை பிள்ளை எள்ளுத் தொடமாட்டான். ஏலாது."

மகனை இழுத்துக்கொண்டு போய் பஸ்ஸில் ஏறி இருந்தேன். அவன் வெந்நீரில் ஒரு விரல்கூட வைக்கவில்லை. வழி முழுக்க அதற்காக அழுதான். திரும்பி வரும்போது எங்கள் பக்கத்துச் சீட்டில் யாரும் இருக்கவில்லை.

என் கணவர் பிறகும் வரவில்லை. அத்தானும் காலமாகிவிட்டார். அன்று நான் செய்தது சரியோ என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவர் அப்போதே செத்திருந்தால், இத்தனை வருடமும் அவருக்குத் தண்ணீர் இல்லாமற் செய்தவள் நான். அதை நினைக்கப் பயமாக இருக்கிறது.

ஆடி அமாவாசைக்குத் தகப்பன் இல்லாதவர்கள் விரதம் இருப்பார்கள். என் மகன் அன்று காலையில் குசினி வாசலில் வந்து நின்று என் முகத்தைப் பார்ப்பான். நான் இடியப்பமும் சொதியும் வைப்பேன். பேசாமல் சாப்பிடுவான். போன வருடம் சாப்பாட்டுக் கோப்பையைத் தொடவில்லை. அவனுக்கும் தலை நரைத்துவிட்டது.

"அம்மா, அப்பா இருந்தால் இப்ப எண்பத்தாறு வயசு."

"ஓம்" என்று சொல்லி, இன்னும் இரண்டு இடியப்பம் வைத்தேன். அவன் என் நெற்றிப் பொட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சாப்பிட்டான்.