கல்லில் வெட்டவிருந்த பெயர்

பேய், பிசாசு என்று யாராவது கதை தொடங்கினாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவள். நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபம் வராது, கோபப்பட இந்தக் கதையிலேயே வேண்டிய அளவு இருக்கிறது.

எழுபதுகளின் நடுப்பகுதி. ரொறொன்ரோவில் புளோர் வீதிப் பக்கம், அன்னா என்கிற உக்ரேனியப் பெண்ணின் வீட்டு மேல்மாடியில் நானும் இவரும் வாடகைக்கு இருந்தோம், சமையலறை பொது. அங்கே எல்லாருக்கும் நான் மிஸஸ் கனகசபை. கட்டின நாளிலிருந்து நான் வாய்திறந்து சொல்லாத புருஷன் பெயர், அதைத்தான் தபால்காரன் முதல் பல் டொக்டர் வரை என் தலையில் கட்டிவிட்டார்கள். தவமணி என்று ஒருத்தி இருந்ததே யாருக்கும் தெரியாது. இவராவது சொல்வார் என்றால், அவருக்கு நான் 'இஞ்சேரும்', அதாவது 'இங்கே பாரும்'.

அன்னா தன் அப்பாவைப் பெற்றவளின் பெயரைத் தேடிக்கொண்டிருந்தாள். மனிற்றோபாவில் காடு வெட்டிக் கமம் தொடங்கிய முதல் ஆட்கள் அவர்கள். மாடு வாங்க வழியில்லாத வருடம், புருஷன் பெத்ரோ கலப்பையைப் பிடிக்க, இவள் தோளில் கயிறு போட்டு இழுத்தாளாம். இளவயதிலேயே செத்தும் போனாள். பெத்ரோவின் குழிமேல் பளிங்குக் கல், அவளுடையதில் வெறும் புல். இழுத்தவள் அவள், பெயர் அவனுக்கு. கேட்டபோதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விசாரித்த கிழடுகள் எல்லாம் அவளைப் 'பெத்ரிகா' என்றே சொன்னார்கள். அன்னாவுக்குத் தன் பாஷை அரைகுறை, அந்தப் பெயரிலேயே ஒரு கல்லுக்குச் சொல்லிவிட்டாள். மறுநாள் வெட்டப்போகிறார்கள்.

அன்று பின்னேரம் நான் பருப்பு அவியப்போட்டு நின்றேன். அன்னா, தன் பெரியப்பா பழைய கதைகளைப் பேசி அனுப்பிய கசெற்றைப் போட்டுவிட்டு, வாசலில் பனி வழிக்கப் போனாள். பெரியப்பா 'பெத்ரிகா' என்றதும் ரெக்கோடர் டக்கென்று நின்றது. பொத்தானை அமத்தினேன், ஓடியது, மறுபடி 'பெத்ரிகா', மறுபடி டக். எரிச்சலில் வயரைப் பிடுங்கி எறிந்தேன்.

அப்போதுதான் அதற்குள்ளிருந்து ஒரு பெண் பேசினாள். பற்றரி இருந்திருக்கும் என்பீர்கள். திறந்து பார்த்தேன், இல்லை. 'பெத்ரிகா' என்று காறித் துப்புவது போலச் சொன்னாள், பிறகு அழுத்தி அழுத்தி 'யெவ்டோகியா' என்றாள், திரும்பத் திரும்ப அதே. அந்தப் பாஷையில் எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு தடவை மிஸஸ் கனகசபை என்று கூப்பிடும்போதும் நான் விழுங்குகிற கோபம் அது, எனக்குத் தெரியாதா.

உள்ளே வந்த அன்னாவிடம் கல்லில் பெயர் பிழை, அவள் யெவ்டோகியா என்றேன்.

"மிஸஸ் கனகசபை, நீங்கள் களைத்துப்போயிருக்கிறீர்கள்," என்றாள்.

வந்தது பாருங்கள் எனக்கு. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கத்தினேன்: "கனகசபை என் புருஷன். என் பெயர் தவமணி. பெத்ரிகா என்றால் என்னவென்று முதலில் யாரிடமாவது கேள்."

வேலையால் வந்த இவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இஞ்சேரும், என்ர பேரையோ சொன்னனீர்?"

"ஓம், சொன்னனான். இனியும் சொல்லுவன்."

அன்னா தன் கோயில் கிழவி ஒருத்திக்குப் போன் பண்ணினாள். கிழவி சிரித்தாளாம். அது பெயரே இல்லை, பெத்ரோவின் பெண்சாதி என்று அர்த்தம், ஊரில் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவோம் என்றாளாம். பிறகு பெரியப்பாவுக்கு எடுத்து, நான் கேட்ட பெயரைச் சொன்னாள். கேட்டதும் அவர் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அம்மாவைக் குழியில் இறக்கியபோது அப்பா ஒரே ஒரு தடவை அந்தப் பெயரைச் சொன்னாராம், சின்ன வயதில் கேட்டது, மறந்தே போயிருந்தாராம். கல்லில் யெவ்டோகியா என்றே வெட்டினார்கள்.

இவ்வளவோடு முடிந்திருந்தால் மறந்திருப்பேன். பிறகு ஒருநாள் அந்தக் கசெற்றை முழுவதும் போட்டோம். அன்னா முன்பும் பலதடவை கேட்டதுதான், பெரியப்பா பேசி முடித்தால் வெறும் இரைச்சல் என்பாள். அந்த இரைச்சலுக்குள் யெவ்டோகியா இருந்தாள். "தவமணி" என்றாள். அன்னா கடைசிவரை 'டவமனி' என்றுதான் சொன்னாள், இவளோ அந்த 'ணி'யை எங்கள் ஊர்ப் பெண் போலச் சொன்னாள். அவளுடைய கோபம் போயிருந்தது. வயலில் கலப்பையின் மற்றக் கயிற்றைப் பிடிக்க ஆள் கூப்பிடுகிற குரல். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.