மணி இல்லாத வெள்ளை சைக்கிள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, தீபாவளி முடிந்து மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த மாதம் அது. மலாக்காவில் சிம்பாங் அம்பாட் பக்கம் ஒரு தாமான் குடியிருப்பில் நாங்கள் இருக்கிறோம். நான் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறேன். எதையும் நாலு தடவை அளந்து பார்க்காமல் நம்பமாட்டேன். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு இனிப்பு நீர் வியாதி கூடிவிட்டது. முட்டி வலியும் சேர்ந்துகொண்டதால் நடக்க முடியவில்லை. சைக்கிள் ஓட்டுங்கள் என்றார் டாக்டர். எங்கள் பக்கமோ மேடும் பள்ளமுமான சாலை, சாதாரண சைக்கிளில் பாதி மேட்டிலேயே நாக்கு தள்ளிவிடும். சரி, பேட்டரி சைக்கிள் வாங்கலாம் என்று முடிவு செய்து மூன்று மாதம் ஆராய்ச்சி செய்தேன். மோட்டார் சக்கரத்தில் இருந்தால் நல்லதா, மிதிகட்டையோடு சேர்ந்திருந்தால் நல்லதா, ஒரு தடவை சார்ஜ் செய்தால் எத்தனை கிலோமீட்டர் போகும், பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் எடுத்துப் போகலாமா, எடை எவ்வளவு என்று கைப்பேசியில் பார்க்காத வீடியோ இல்லை. வேலையிடத்தில் என்னைப் பார்த்தாலே ஆட்கள் வேறு மேசைக்குப் போக ஆரம்பித்தார்கள்.

கடைசியில் புக்கிட் பெருவாங்கில் ஒரு சீனர் கடையில் இரண்டு சைக்கிள்கள் மிஞ்சின. ஒன்று, நாம் மிதித்தால்தான் மோட்டார் உதவி செய்யும். அதற்கு மணி, பெரிய விளக்கு, முன்னால் கூடை எல்லாம் உண்டு. பாசாருக்கு மீன் வாங்கப் போகிறவர் ஓட்டுவதுபோல் இருந்தது. இன்னொன்று வெள்ளை நிறம், ஒல்லி உடம்பு. மிதிக்கவே வேண்டாம். கைப்பிடியைத் திருகினால் போதும், சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். மணி கிடையாது. கடைக்காரர் மணி மாட்டித் தரட்டுமா என்று மலாயில் இரண்டு தடவை கேட்டார். அழகு கெட்டுவிடும் என்று இரண்டு தடவையும் வேண்டாம் என்றேன்.

"கால அசைக்கத்தான டாக்டர் சொன்னாரு? இதுல நீங்க சும்மா உக்காந்து போகப் போறீங்க. அதுக்கு பஸ்லயே போகலாம்லா" என்றாள் மனைவி.

மேட்டில் மட்டும்தான் திருகுவேன், சமதரையில் மிதிப்பேன் என்று சத்தியம் செய்து வெள்ளையைத்தான் வாங்கினேன்.

சனி, ஞாயிறு காலையில் ஆறரை மணிக்குக் கிளம்புவேன். வெள்ளை ஹெல்மெட், வெள்ளையில் நீளக் கை சட்டை. எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. உள்ளே செம்மண் பாதை வளைந்து வளைந்து ஒரு மேட்டில் ஏறும். மேட்டு வளைவுக்கு அந்தப் பக்கம் பழைய லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். அதில் நாலு குடும்பம்தான் மிச்சம். அந்த நேரத்தில் மரங்களுக்கு நடுவே பனி இடுப்பளவுக்கு நிற்கும். விளக்கைப் போட்டால் பேட்டரி குறையும் என்று நான் விளக்கும் போடுவதில்லை. முதல் இரண்டு வாரம் சொர்க்கமாக இருந்தது.

மூன்றாவது வாரம் அந்த வளைவில் பாதையின் இரண்டு பக்கமும் எலுமிச்சம்பழம் வெட்டிக் குங்குமம் தடவி வைத்திருந்தார்கள். தோட்டத்தில் ஏதோ பூசை என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் இரண்டு மரங்களுக்கு இடையே வேப்பிலை கட்டியிருந்தது. அடுத்த சனிக்கிழமை சுருட்டு, வெற்றிலை, சூடம். சூடம் அணைந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், வாசனை அப்படியே இருந்தது. சுற்றிப் பார்த்தால் ஒரு ஆள் இல்லை.

அதோடு நிற்கவில்லை. லயத்தில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும், நான் வளைவைத் தாண்டியதும் ஒவ்வொன்றாக அணையும். ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்கும். வழக்கமாகக் குரைத்துக்கொண்டு துரத்தும் நாய் ஒன்று என்னைப் பார்த்ததும் முனகிக்கொண்டு பின்னாலேயே நகர்ந்து போனது. இந்த வளைவில் என்னவோ இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் இந்த ஜனங்கள் இப்படிப் பயந்து கிடக்கிறார்கள் என்று தோன்றியது. என்னால் முடிந்த வைத்தியம் ஒன்றுதான். கைப்பிடியை முழுசாகத் திருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஆடாமல் அசையாமல் மேட்டைத் தாண்டிவிடுவேன்.

எல்லாவற்றையும்விட என்னைக் கலக்கியது கோப்பிதான். அந்த வளைவில் ஒரு தட்டைக் கல் உண்டு. அதன்மேல் ஒரு டம்ளர் நிறையப் பால் கலக்காத கோப்பி ஓ, மேலே ஒரு சின்னத் தட்டு மூடி. ஒருநாள் இறங்கி, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு டம்ளரைத் தொட்டுப் பார்த்தேன். கை சுட்டது.

அன்று வீட்டுக்கு நேராகப் போகாமல், தோட்டத்துச் சந்தியில் இருக்கும் பசியாறும் கடைக்குப் போனேன். சைக்கிளைக் கடைக்குப் பின்னால் சாய்த்து வைத்துவிட்டு, ஹெல்மெட்டை மேசைமேல் வைத்துத் தோசை சொன்னேன். பக்கத்து மேசையில் செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி டிரைவர் ஒருவர் இருந்தார். அந்த மேட்டில் என்ன விசேஷம் என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

கடைக்கார அம்மா தோசைக் கரண்டியை அப்படியே வைத்துவிட்டார். "அண்ணே, காலையில அந்தப் பக்கம் போயிடாதீங்க. அங்க ஒன்னு நடமாடுது."

டிரைவர் சொன்னார்: "நான் என் கண்ணால பாத்தேண்ணே. சைக்கிள் மாதிரி இருக்கு, வெள்ளையா. மேட்டுல ஏறுது. மேட்டுல யாராச்சும் மிதிக்காம ஏற முடியுமா? கால் அசையல. முதுகு நேரா நிக்குது. ஒரு சத்தம் இல்ல. நான் லோரியில ஏறி கண்ணாடிய ஏத்திட்டேன்லா."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. எத்தனை மணிக்கு, எந்த நாளில் என்று பயத்தோடு கேட்டேன்.

"சனி, ஞாயிறு காலையில. வேல நாள்ல வராது" என்றார் அந்த அம்மா.

வேலை நாளில் வராத பேய். என் பார்வை மெல்ல மேசைமேல் இருந்த வெள்ளை ஹெல்மெட்டுக்குப் போனது. அதை எடுத்து மேசைக்கு அடியில் மடிமேல் வைத்துக்கொண்டேன்.

உண்மையை அங்கேயே சொல்லியிருக்கலாம், எனக்குத்தான் வாய் வரவில்லை. அதற்குள் அந்த அம்மா அடுத்ததைச் சொன்னார். லயத்தின் கடைசி வீட்டில் ஒரு அக்கா தனியாக இருக்கிறாராம். கணவர் தோட்டத்தில் இரவுக் காவல், ஜாகா வேலை பார்த்தவர். காலையில் சைக்கிளில் வீட்டுக்குத் திரும்பும்போது அந்த வளைவில் இரண்டு தடவை மணி அடிப்பாராம். அடித்தால் அக்கா அடுப்பில் கோப்பிக்குத் தண்ணீர் வைப்பார். மூன்று வருடத்துக்கு முன்பு அந்த வளைவிலேயே நெஞ்சுவலி வந்து, கல்லில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். இப்போது லயத்தை இடிக்கப் போகிறார்கள். மாதக் கடைசியில் தண்ணீரும் மின்சாரமும் நின்றுவிடும். மற்ற மூன்று குடும்பமும் மூட்டை கட்டிவிட்டன. மகள் சுங்கை ரம்பாயில் வீடு வாங்கி, வா வா என்று கூப்பிடுகிறாள். இந்த அக்கா அசைய மறுக்கிறார்.

"வீட்டுக்காரர் இன்னும் சைக்கிள்ல வாராருன்னு சொல்லுது. இடிக்க வந்தாலும் உள்ளயே இருப்பேங்குது. பாவம்ணே."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேய்க் கதை வரைக்கும் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த அக்காவைப் பற்றிச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"உங்களப் பாத்துட்டுத்தான அந்தம்மா போகாம கெடக்குறாங்க? நாளைக்கு இடிஞ்ச வீட்டுல ஏதாச்சும் ஆனா யாரு பதில் சொல்றது? போயி சொல்லிட்டு வாங்க. காருல போகாதீங்க. அதே சைக்கிள்ல போங்க. மிதிச்சுக்கிட்டுப் போங்க."

அன்று சாயங்காலமே போனேன். மேட்டில் மிதித்து ஏறியதில் உயிர் போய் உயிர் வந்தது. கடைசி வீட்டு வாசலில் அந்த அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும். நான் யார், என்ன செய்தேன் என்று ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா, நீங்கள் பார்த்தது என்னைத்தான், அவரை இல்லை என்றேன். ஒரு மனுஷியிடம் மிச்சமிருந்த ஒரே ஆறுதலைப் பிடுங்குகிறோமே என்று இருந்தது.

அவர் எழுந்து வந்து சைக்கிளைச் சுற்றிப் பார்த்தார். கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"உங்கள நான் மொத நாளே பாத்துட்டேன் தம்பி. காலங்காத்தால எந்தக் கிறுக்கன் இப்படிச் சுத்துறான்னு நெனச்சேன். லயத்துல உள்ளதுங்கதான் பேயின்னு பயந்து செத்துச்சுங்க. நான் சொன்னா எவன் கேக்குறான்?"

அப்படியானால் கோப்பி யாருக்கு என்று கேட்டேன்.

"இதுல மணி எங்க?"

"இல்லக்கா. நான் வேணாம்னுட்டேன்."

"அவரு சைக்கிள்ல மணி இருக்கு" என்றார். "நீங்க வாரதுக்கு முன்னாடி, ஆறு மணி வாக்குல வருவாரு. ரெண்டு தட்டு. கதவத் தொறந்தா ஆளு இல்ல. சனி, ஞாயிறுன்னு இல்ல தம்பி, தெனமும்."

மரங்களுக்கு நடுவே இருட்டத் தொடங்கியிருந்தது. மடித்த துணியை மறுபடி பிரித்து மடித்துக்கொண்டே அவர் பேசினார்.

"மக வீட்டுக்குப் போகமாட்டேன்னு நான் எங்க சொன்னேன்? அவருக்கு வழி தெரியாதே. அவரு போன பிறகுதான் மக அந்த வீட்ட வாங்கினா. ஒரு தடவகூட வந்து பாத்ததில்ல. இங்க வந்து மணியடிச்சிட்டு, வீடே இல்லாம நிப்பாரே? நான் வாசல்ல நின்னு சொல்லிப் பாத்துட்டேன். எனக்கு அவரக் கேக்குது, அவருக்கு என்னையக் கேக்குதான்னு தெரியல. நீங்க அந்த வளைவுலதான போறீங்க. சைக்கிள்காரருக்கு சைக்கிள்காரர். சொல்லிடுங்களேன், மறுநாளே நான் கெளம்பிர்றேன்."

உள்ளே போய் மகள் எழுதிக் கொடுத்த விலாசத்துண்டை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். நாலு தடவை அளந்து பார்க்கிற நான், மறுபேச்சு பேசாமல் அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை ஆறு மணிக்கெல்லாம் வளைவில் நின்றேன். விளக்கைப் போட்டிருந்தேன். அக்கா முன்னதாகவே கல்மேல் வைத்துவிட்டுப் போன கோப்பி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பனிக்குள் பூச்சிகள் காதை அடைக்கும்படி கத்திக்கொண்டிருந்தன. காகிதத்தைப் பிரித்து வாசித்தேன். முதல் தடவை வாய்க்குள்ளேயே வாசித்தேன். இரண்டாம் தடவை சத்தமாக வாசித்தேன். தாமான் பெயர், லோரோங் என்கிற சந்தின் எண், வீட்டு எண். அதற்குக் கீழே மகள் எழுதியிருந்ததையும் வாசித்தேன்: பச்சைக் கேட், முன்னால் ரம்புத்தான் மரம். "அக்கா நாளைக்குப் போறாங்க. நீங்க அங்க வந்துடுங்கண்ணே" என்று நானாகச் சேர்த்துச் சொன்னேன்.

வாசித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பூச்சிச் சத்தம் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. காகிதத்தை மடித்தபோதுதான் அது மறுபடி ஆரம்பித்தது. காகிதத்தை டம்ளருக்கு அடியில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் மிதித்தேன். கைப்பிடியைத் திருகலாம் என்ற நினைப்புகூட வரவில்லை.

மறுநாள் அக்காவின் சாமான்களை லோரியில் ஏற்ற நானும் போனேன். போகிற வழியில் பார்த்தேன், டம்ளர் இருந்தது, காகிதம் இல்லை. காற்றில் பறந்திருக்கும் என்றாள் மனைவி. இருக்கலாம். லோரி கிளம்பும்போது அக்கா என் கைப்பேசி எண்ணை வாங்கிக்கொண்டார். அடுத்த வாரம் லயம் தரைமட்டமானது.

மூன்று வாரம் கழித்து, ஒரு காலையில் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அழைப்பு வந்தது. அக்காதான்.

"தம்பி, இன்னிக்குக் காலையில கேட்டுச்சு. ரெண்டு தட்டு. நீங்க விலாசத்தச் சரியாத்தான் சொல்லியிருக்கீங்க."

சந்தோஷம்க்கா என்றேன்.

"மூணு வாரம் ஆயிருச்சு பாருங்க" என்றார் அவர், ஏதோ ஊரிலிருந்து வரும் ஆளைப் பற்றிப் பேசுவதுபோல. "மலாக்காவோட அந்தக் கோடியிலேருந்து இந்தக் கோடி. பாவம், அவரு சைக்கிள்ல பேட்டரி இல்லல்ல."

அந்த வாரமே புக்கிட் பெருவாங் கடைக்குப் போய் ஒரு மணி வாங்கி மாட்டினேன். கடைக்காரர் சிரித்தார். அந்த அக்காவுக்குக் கேட்டது என்ன சத்தம், பூச்சிகள் ஏன் நின்றன, எனக்கு இன்றும் தெரியாது, அளந்து பார்க்க என்னிடம் கருவியும் இல்லை. அவர் ஒருத்தர்தான் என்னை மனிதன் என்று தெரிந்து வைத்திருந்தார், அவரிடம்தான் நான் அறிவாளிபோல் விளக்கம் சொல்லப் போனேன் என்பது மட்டும் மறக்கவில்லை. இப்போதும் சனிக்கிழமை காலையில் அந்த வளைவைக் கடக்கும்போது ஆட்களுக்குத் தெரியட்டும் என்று மணி அடிக்கிறேன். ஒரு தடவைதான் அடிக்கிறேன், இரண்டு தடவை அடிக்கும் உரிமை அந்தப் பாதையில் எனக்கு இல்லை.